காகிதப்பூ

காகிதம் காய்வதற்காகக் காத்திருக்கும்போது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். பல வருடப் பழக்கம். கை முன்னால் இருந்தால் சும்மா இருக்காது, பிரஷ்ஷை எடுக்கும், எங்கேயாவது ஒரு தொடு தொடும், அவ்வளவுதான், இரண்டு மணி நேர வேலை சேறாகிவிடும். நீர்வண்ணம் வரைகிறவர்கள் வரைவதைவிட வரையாமல் இருப்பதைத்தான் அதிகம் கற்றுக்கொள்கிறோம் என்று சில சமயம் தோன்றும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. "வேலை இருக்குன்னு சொன்னே, சும்மா நின்னுட்டிருக்க?" என்று அம்மா கேட்பாள். வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது, நான் செய்யவில்லை, தண்ணீர் செய்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எண்ணெய் வண்ணத்தில் தப்பு செய்தால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். அக்ரிலிக்கிலும் அப்படித்தான். இங்கே வெள்ளை என்று ஒரு வண்ணம் கிடையாது. காகிதம்தான் வெள்ளை. எந்த இடம் வெளிச்சமாக வேண்டுமோ அந்த இடத்தை முதலிலிருந்தே தொடாமல் விட்டுக்கொண்டே வர வேண்டும். வெளிறியதில் ஆரம்பித்து இருட்டை நோக்கிப் போகிறோம், திரும்பி வர வழியில்லை. (வெள்ளை குவாஷ் வைத்து ஒப்பேற்றலாம். நானும் ஒப்பேற்றியிருக்கிறேன். பார்த்தால் தெரிந்துவிடும்.) பருத்திக் கூழில் செய்த முந்நூறு கிராம் காகிதத்தை மரப்பலகையில் டேப் ஒட்டி, பலகைக்குக் கீழே ஒரு தீப்பெட்டி கொடுத்துச் சாய்த்து வைப்பேன். தண்ணீருக்கு இரண்டு டப்பா. ஒன்று பிரஷ் அலச, ஒன்று சுத்தமாக இருக்க. பக்கத்தில் காப்பி டம்ளர் வைக்கக் கூடாது என்பது மூன்று தடவை பிரஷ்ஷைக் காப்பியில் முக்கிய பிறகு வந்த விதி.

ஊரின் காற்றும் கூடவே உட்கார்ந்து வரையும். மே மாதம் சென்னை மொட்டைமாடியில் வானத்துக்கு ஒரு வாஷ் அடித்து வலது ஓரம் போய்ச் சேர்வதற்குள் இடது ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். நவம்பரில் அதே வாஷ் அரை மணி நேரம் ஆனாலும் குளம் மாதிரி கிடக்கும். அந்தக் குளத்தின் பளபளப்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முழுக்கப் பளபளத்தால் இன்னும் வண்ணம் விடலாம், அது மெல்லப் பரவும். முழுக்க மங்கினால் மேலே அடுத்த அடுக்கு போடலாம். இரண்டுக்கும் நடுவே, பளபளப்பு போய்க்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, அப்போது மட்டும் தொடவே கூடாது. அந்த நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், பாதி காய்ந்த வண்ணத்தின் துகள்களைத் தள்ளிக்கொண்டு அது வெளியே ஓடும். ஓடி நிற்கும் இடத்தில் துகள்கள் குவிந்து, கந்தல் ஓரத்தோடு ஒரு கறை பூத்துவிடும். பார்க்கக் காலிஃபிளவர் மாதிரி இருக்கும். பெயரும் அதுதான். காப்பி சொட்டிக் காய்ந்த இடத்தில் ஓரம் மட்டும் கருத்து வளையமாக நிற்பதும் ஏறக்குறைய இதன் உறவுக்காரன்தான். விளிம்பில் தண்ணீர் வேகமாக ஆவியாவதால் நடுவிலிருந்து நீர் துகள்களை இழுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடுகிறது என்று 1997இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். விளக்கம் தெரிந்து என்ன? கறை விழுந்தால் விழுந்ததுதான்.

நான் சொல்ல வந்தது அப்படி விழுந்த ஒரு கறையைப் பற்றி.

2015 நவம்பர். தமிழ்நாடு முழுக்க ஊற்றிக்கொண்டிருந்த மழை. கும்பகோணத்தில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் தன் வீட்டை வரைந்து தரச் சொல்லியிருந்தார். ஓட்டு வீடு. டீச்சரும் அவர் தம்பியும் விற்க முடிவு செய்துவிட்டார்கள், தை பிறந்ததும் இடிப்பதாக இருந்தது. போட்டோ நிறைய இருக்கு, ஆனா போட்டோ வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "போட்டோல வீடு மட்டும்தான் தம்பி இருக்கு" என்றார். அந்த வாக்கியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன். ஆறாயிரம் ரூபாய்.

எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று நாள் வரைந்தேன். முதல் மூன்று தாள்கள் வீண். நான்காவது தாளில் வானத்துக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் வாஷ் போட்டு, பளபளப்பு மங்கக் காத்திருந்தபோது போன் வந்தது. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே பேசினேன். திரும்பி வந்து பார்த்தால் திண்ணையின் ஓட்டு விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் இரண்டு மூன்று சொட்டு விழுந்து, வீட்டின் பின்பக்கக் கூரைக்கு மேலே வானத்தில் பெரிய கறை பூத்திருந்தது. டிஷ்யூவால் ஒற்றியெடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். தாளைக் கிழிக்காததற்கு ஒரே காரணம் வேறு நல்ல தாள் கையில் இல்லை என்பதுதான். மேலே வேலையைத் தொடர்ந்தேன். ஓடுகள், சுண்ணாம்புச் சுவர், திண்ணைத் தூண், சுவரோரமாக ஏறிக் கூரையில் சாய்ந்திருந்த காகிதப்பூச் செடி. செடிக்கு ஆபரா பிங்க். அந்தப் பூவின் நிறத்துக்கு அதைவிடக் கிட்டத்தில் வரும் வண்ணம் எந்த டியூபிலும் கிடையாது. தாளில் வைத்த உடனே விளக்கு போட்ட மாதிரி எரிந்தது.

படத்தைக் கொடுத்தபோது டீச்சர் பூவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. நேராக அந்தக் கறையில் விரலை வைத்தார். "அடுப்பங்கரை அங்கதான் இருந்துச்சு. அம்மா வெறகடுப்புல ஒலை வெச்சா பொக இந்த ஓட்டு சந்து வழியாத்தான் மேல எழும்பும். நான் சொல்லவே இல்லையே தம்பி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் சிரித்தேன். சிரிப்பு ஒரு பதில்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கறை தானாக விழுந்தது உண்மை. ஆனால் அதை விட்டுவைத்தது நான்தானே? விட்டுவைப்பதும் ஒரு செயல்தானே? 1785இல் அலெக்சாண்டர் கசன்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் ஒரு புத்தகமே போட்டார். தாளில் மையைத் தாறுமாறாகத் தீற்றிவிட்டு, அந்தத் தீற்றலில் மலையையும் மரத்தையும் தேடிக் கண்டுபிடித்து நிலக்காட்சி வரைவது எப்படி என்று. அதற்கு முன்பே லியனார்டோ, கறை படிந்த பழைய சுவர்களை உற்றுப்பார்க்கச் சொல்லி இளம் ஓவியர்களுக்கு எழுதிவைத்திருக்கிறார். ஆக, தற்செயலைப் பயன்படுத்துவது ஒன்றும் திருட்டு இல்லை. பெரியவர்கள் வழியே இருக்கிறது.

ஆனால் இந்தச் சமாதானத்தில் ஒரு ஓட்டை. கசன்ஸ் தீற்றலில் மலையைப் *பார்த்தார்*. நான் அந்தக் கறையில் புகையைப் பார்க்கவில்லை. கறையைத்தான் பார்த்தேன், திட்டினேன். புகையைப் பார்த்தது டீச்சர். அப்படியென்றால் அந்தப் புகைக்கு ஓவியர் யார்? மழை கறையைப் போட்டது, டீச்சர் அதைப் புகையாக்கினார், நடுவில் நான் போன் பேசிக்கொண்டிருந்தேன்.

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டிருப்பேன். எட்டு வருடம் தள்ளியும் விட்டேன்.

2023இல் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். டீச்சர் இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார், போய்ப் பார்த்தேன். மேற்குப் பார்த்த ஹால். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேராக எதிர்ச்சுவரில் அடித்தது. அந்தச் சுவரில்தான் படம். வானம் அப்படியே இருந்தது. ஓடு அப்படியே. புகையும் இருந்தது. காகிதப்பூ இல்லை.

இல்லை என்றால் முழுக்க இல்லை என்று அர்த்தமில்லை. பச்சை இலைகளுக்கு நடுவே பழைய ரோஜா இதழின் சாயல் மாதிரி ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. அந்த எரிச்சல், விளக்கு போட்ட மாதிரி இருந்தது என்றேனே, அது போய்விட்டது.

எனக்கு ஆச்சரியமே இல்லை. அதுதான் இந்தக் கதையில் அசிங்கமான பகுதி. ஆபரா பிங்க்கில் என்ன இருக்கிறது என்பது ரகசியம் அல்ல. குயினாக்ரிடோன் வகையைச் சேர்ந்த ஓரளவு நிலைத்து நிற்கும் மஜந்தா நிறமி ஒன்று, அதோடு அந்த எரியும் பளிச்சைக் கொடுக்கும் ஃப்ளூரசன்ட் சாயம். வெயில் பட்டால் சாயம் சீக்கிரம் செத்துவிடும், நிறமி மட்டும் நிற்கும். 2013இல் நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். என்னிடமிருந்த எல்லா டியூபுகளிலிருந்தும் தாளில் ஒவ்வொரு பட்டை பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, தெற்கு ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்தேன். அட்டையை எடுத்தபோது பர்ன்ட் சியன்னாவின் இரண்டு பாதிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பழைய அலிசரின் க்ரிம்சன் வெளுத்திருந்தது. ஆபரா பிங்க் அதைவிட மோசம். தாளின் ஓரத்தில் பென்சிலால் 'விற்கும் படத்துக்கு வேண்டாம்' என்று எழுதிவைத்தேன். என் கையெழுத்துதான். இரண்டு வருடம் கழித்து விற்கும் படத்துக்கு அதையே எடுத்தேன், ஏனென்றால் பூ அப்படி இருந்தது.

டீச்சர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனித்தார். "பாத்தீங்களா? வீட்ட இடிச்சன்னிக்கே செடியையும் வெட்டிட்டாங்க. படத்துலயும் கொஞ்சங்கொஞ்சமா போயிட்டே இருக்கு. வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவேன், அந்தத் தம்பி அப்படி நெனச்சுத்தான் வரைஞ்சிருக்குன்னு."

காப்பியைக் குடித்தேன். இந்த முறையும் சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருப்பேன்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் ஆறு மணி நேரம். யோசிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் யோசித்துத்தான் ஆக வேண்டும். மழை போட்ட கறைக்குப் பாராட்டு வந்தபோது 'நான்' என்று நின்றேன். நான் தெரிந்தே வைத்த சாயம் வெளுத்தபோது மனசுக்குள் முதலில் எழுந்த வார்த்தை 'வெயில்'. மேற்குப் பார்த்த சுவரில் மாட்டச் சொன்னது யார் என்று ஒரு நொடி டீச்சர் மேலேயே கோபம்கூட வந்தது. நல்லது நடந்தால் என் கை, கெட்டது நடந்தால் வானிலை. கணக்கு எனக்குச் சாதகமாக மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இது எனக்கு மட்டுமான நோய் இல்லை என்று தெரியும். வள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார், விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமைக்கு ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டும் முரண்படுகிறதே என்று தமிழய்யாவை மடக்கியிருக்கிறோம். இப்போது பார்த்தால் முரண்பாடு வள்ளுவரிடம் அல்ல, படிக்கிற நம்மிடம் இருக்கிறது. ஜெயித்தவன் ஒரு அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறான், தோற்றவன் இன்னொன்றை. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் எடுத்துக்கொள்வதும் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்ற விவாதத்தைத் தொடங்கியபோது கோகன் என்ற ஓவியரை உதாரணமாக வைத்தார். குடும்பத்தைக் கைவிட்டுத் தீவுக்குப் போகிற ஒருவன். அவன் செய்ததற்கு ஏதாவது நியாயம் இருக்கிறது என்றால், அது அவன் நல்ல ஓவியனாக ஆகிவிடுவதைப் பொறுத்தது, ஆவானா என்பதோ போகும்போது அவனுக்கே தெரியாது. வில்லியம்ஸின் கேள்வி பெரியது. என் கேள்வி அதன் கால் தூசு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த கோகனுக்குப் பின்விளைவு தெரியாது. எனக்கு ஜன்னல் சோதனைத் தாள் இருந்தது.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த பெரிய மனிதர் ஒருவர் உண்டு. டர்னர். நிற்காத நிறங்களை வாங்கிப்போகிறாரே என்று வண்ணம் தயாரித்து விற்ற வின்சர் அவரிடம் எடுத்துச் சொன்னதாகவும், உன் வேலை வண்ணம் செய்வது, என் வேலை வரைவது, உன் வேலையைப் பார் என்கிற தொனியில் டர்னர் முகத்திலடித்த மாதிரி பதில் சொன்னதாகவும் ஒரு கதை ஓவியர்களிடையே நெடுங்காலமாகச் சுற்றுகிறது. நான் இதை இளம் வயதில் வீரக்கதையாகத்தான் கேட்டேன். கலைஞனின் திமிர்! இப்போது கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. கடைக்காரன் நேர்மையாகச் சொல்கிறான், கலைஞன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

டர்னர் போன பிறகு அந்தக் காதைப் பொத்திய வேலைக்கு மற்றவர்கள் காவல் காத்தார்கள். 1880களில் இங்கிலாந்தில் நீர்வண்ணப் படங்கள் அருங்காட்சியக வெளிச்சத்தில் வெளுக்கின்றனவா என்று பெரிய சண்டை மூண்டது. ரஸ்ஸல் என்ற வேதியியலாளரும் ஆப்னி என்ற ராணுவ கேப்டனும் நிறங்களை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்து 1888இல் அறிக்கை கொடுத்தார்கள். பல நிறங்கள் வெளுக்கத்தான் செய்கின்றன என்று அப்போதே நிரூபணமாகிவிட்டது. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த 38 டர்னர் நீர்வண்ணங்களை ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு எழுதிவைத்தார். 1900இல் அங்கே போய்ச் சேர்ந்தன. நிபந்தனை: வருடத்தில் ஜனவரி மாதம் மட்டும்தான் காட்டவேண்டும், காசு வாங்கக் கூடாது. எடின்பரோவில் ஜனவரியில் வெயில் அவ்வளவு பலவீனமாக இருக்கும் என்பதால். இந்த நிபந்தனையை முதன்முதல் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. படத்தை வரைந்தவனைவிட வாங்கியவன் அதிகம் யோசித்திருக்கிறான்.

வின்ஸ்லோ ஹோமர் என்ற அமெரிக்கரின் கதை இதற்கு இன்னொரு பக்கம். 1887இல் அவர் வரைந்த ஒரு படத்தில் வயலில் ஒரு பையன் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் வானம் கிட்டத்தட்ட வெறும் தாளாக இருக்கிறது. ஏன் வானத்தை இப்படிக் காலியாக விட்டார்? சிகாகோ கலைக்கூடத்தின் பாதுகாப்பாளர்கள் ஆராய்ந்தபோது அங்கே ஒரு காலத்தில் சிவப்பாக ஒரு அந்தி வானம் இருந்தது தெரியவந்தது. வெளிச்சத்துக்கு நிற்காத செந்நிறங்கள் போய்விட்டன. சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருந்த விளிம்பிலும் மிஞ்சிய துகள்களிலும்தான் சாட்சி. அந்த வெறுமையை ஓவியரின் துணிச்சலான முடிவு என்று யாராவது நின்று ரசித்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். திருச்சியில் ஒரு ஹாலில் அதைத்தான் நான் கேட்டுவிட்டு வந்தேன்.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "எல்லாமே வெளுக்கும்டா. மார்கழிக் கோலம் மத்தியானம் வரைக்கும்கூட நிக்காது. அதுக்காக யாராவது குற்ற உணர்ச்சில சாகுறாங்களா?" நல்ல கேள்வி, ஒரு வாரம் எனக்குத் தூக்கம் தந்த கேள்வி. பிறகுதான் அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பிடிபட்டது. கோலம் போடுகிறவளுக்கும் தெரியும், மிதித்துப் போகிறவனுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்து அழிவது வேறு, ஒருத்தருக்கு மட்டும் தெரிந்து அழிவது வேறு. நான் அன்றைக்கே, "டீச்சர், பூ அஞ்சு வருஷம்தான் இப்படி எரியும், இல்லேன்னா கொஞ்சம் மங்கலா, ஆனா நிக்கிற மாதிரி போட்டுத் தர்றேன், எது வேணும்?" என்று கேட்டிருக்கலாம். எரிகிற பூவே போதும் என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும். நூறு வருட மங்கலைவிட ஐந்து வருடப் பளிச்சு மேல் என்ற கட்சியில் எனக்கே பாதி சம்மதம் உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவர். நான் தேர்ந்தெடுத்துவிட்டு ஆறாயிரம் வாங்கிக்கொண்டேன்.

பஸ் விழுப்புரம் தாண்டும்போது படத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் என் கையெழுத்து நினைவுக்கு வந்தது. அதற்கு என்ன அர்த்தம்? 'இதைச் செய்தவன் நான்' என்று அர்த்தமென்றால், புகை என்னுடையது இல்லை, அதற்கான பாராட்டை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'இதற்குப் பொறுப்பு நான்' என்று அர்த்தமென்றால், புகையை வைத்துக்கொள்ளலாம், அதை அனுமதித்தவன் என்ற முறையில். ஆனால் அப்போது இந்தத் தாளில் இனி நடக்கப்போவதற்கும் நான்தான் ஆள். வெளுத்த பூவையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எந்த அர்த்தத்தை எடுத்தாலும் எனக்கு ஏதோ ஒரு நஷ்டம். எட்டு வருடமாக, புகைக்கு ஒரு அர்த்தம், பூவுக்கு ஒரு அர்த்தம் என்று ஒரே கையெழுத்தை இரண்டாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டாவது அர்த்தம்தான் சரி என்று படுகிறது. முதல் அர்த்தத்தில் நீர்வண்ணக்காரன் எவனும் நேர்மையாகக் கையெழுத்துப் போட முடியாது. பிரஷ் முனையை விட்ட பிறகு அல்ட்ராமரின் துகள்கள் தாளின் குழிகளில் எப்படிப் போய்ப் படிகின்றன என்பதை நான் முடிவு செய்வதில்லை. பலகையின் சாய்வை, தண்ணீரின் அளவை, எப்போது நிறுத்துவது என்பதை மட்டும்தான் முடிவு செய்கிறேன். மிச்சத்துக்கு சம்மதிக்கிறேன். சம்மதத்துக்குத்தான் கையெழுத்து, பேங்க் பாரத்தில் போடுவது மாதிரி.

ஆனால் அங்கேயும் முடியவில்லை. சரி, டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்த பிறகு, எதைச் சொல்வது? சாயத்தைப் பற்றிச் சொன்னால் அவருக்கு உபயோகம் உண்டு. படத்தை வெயிலிலிருந்து நகர்த்தலாம், என்னைத் திட்டலாம், காசைக் கேட்கலாம். புகையைப் பற்றிச் சொன்னால்? அவர் அம்மாவின் அடுப்பை அவரிடமிருந்து பிடுங்கி மழைத்தண்ணீர் என்று கையில் கொடுப்பேன். என் மனசு துப்புரவாகும், அவர் கையிலிருந்து ஒன்று போகும். உண்மை பேசுவது என்ற பெயரில் சிலர் தங்கள் வீட்டைக் கழுவிய தண்ணீரை அடுத்த வீட்டு வாசலில் ஊற்றுவார்கள். அப்படி ஆகிவிடக் கூடாது. எனவே பூவைப் பற்றி மட்டும் சொல்வது, அவராகக் கேட்டாலொழிய புகையைத் தொடக் கூடாது என்று தீர்மானித்தேன். இதில் கோழைத்தனம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துதான் போன் செய்தேன். சாயம், வெயில், ஜன்னல் சோதனை எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. டிவி ஓடுவது மட்டும் கேட்டது.

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

"நான் ஊரெல்லாம் வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேன்."

"ஆமா டீச்சர்."

முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டவர். அடுத்த கேள்வி எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப அந்தப் பொக?"

"அது மழைத்தண்ணி டீச்சர். ஓட்டுலேர்ந்து சொட்டுச்சு. நான் போடல."

மறுபடியும் டிவி. யாரோ சீரியலில் அழுதார்கள். பிறகு, வகுப்பில் ரிவிஷன் முடித்து அடுத்த பாடத்துக்குப் போகிற குரலில் சொன்னார்: "பொக இருந்துட்டுப் போகட்டும். அது அம்மாவோடதுதான், உங்களோடது இல்லன்னா என்ன. பூவுக்கு ஒரு வழி பண்ணுங்க."

காசைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, காசு கிடக்கட்டும், பூ வேண்டும் என்றார். அடுத்த வாரம் படம் கூரியரில் வந்தது, இரண்டு தலையணை உறைக்குள் சுற்றி.

இப்போது அது என் பலகையில் இருக்கிறது. எட்டு வருடப் பழைய தாளில் மறுபடி வண்ணம் ஏற்றுவது லேசான காரியமில்லை. காகிதத்தில் தண்ணீரை உடனே குடித்துவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு நம் ஊர் ஈரத்தில் அங்கங்கே கெட்டுப்போய்விடும். அந்த இடத்தில் வண்ணம் ஒற்றுத்தாளில் மை மாதிரி உறிஞ்சும். செடியை நனைத்தால் பக்கத்திலிருக்கும் பழைய பச்சை கரைந்து மேலே வரும். இன்னும் மேலே போனால் புகை. ஒரு சொட்டு தப்பிப் போனால் அந்தக் கந்தல் ஓரம் கரைந்துவிடும், அதைத் திரும்ப வரவழைக்க எனக்குத் தெரியாது. ஒரு நாள் வீம்புக்கு வேறு தாள்களில் அதே மாதிரி கறை ஒன்று போட்டுப் பார்த்தேன். பதினோரு தாள். பதினொன்றும் கறையாகத்தான் இருந்தன.

அதனால் இன்னும் தொடவில்லை. முதலில் நிறம் முடிவாக வேண்டும். குயினாக்ரிடோன் ரோஸ், குயினாக்ரிடோன் மஜந்தா, பெரிலீன் சிவப்பு ஒன்று. மூன்றையும் கெட்டியாக ஒரு பட்டை, தண்ணீராக ஒரு பட்டை பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, கண்ணாடிக்கு அடியில் மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். தண்ணீராகப் பூசியதுதான் முதலில் போகும், அதனால் அதைத்தான் நம்ப வேண்டும். மூன்றில் எதுவும் அந்தப் பூ மாதிரி எரியவில்லை, அதை டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்பதில்லை.

"எது தாங்குது?"

"ரோஸ் தாங்குது டீச்சர். மத்தத இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

"பாருங்க. அவசரமில்ல."